பரவாயில்லை என்று சொன்ன வாய்

கார் விபத்தில் நோலீன் ட்ரெலோரின் முதுகு உடைந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷமும் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோதெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். "பரவாயில்ல டாக்டர்."

பரவாயில்லையாம்! உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், கை கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. வலது கை தோளுக்கு மேலே போகாது. படுக்கையில் ஒரு பக்கம் புரள்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். இத்தனையையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, சிரித்த முகமாக, பரவாயில்ல. டாக்டர் என்ன செய்வார் பாவம்? அவள் சொன்னதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிவைத்தார்.

அவளை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? மெல்பர்னிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிக் கிடக்கிற நம்ம கோதுமைச் சீமையே அப்படித்தான். அறுவடை மெஷினில் கையைக் கொடுத்துவிட்டு எலும்பு தெரிய நிற்கிறவனைப் போய்க் கேளுங்கள், "லேசா சிராய்ச்சிருச்சு" என்பான். மூன்று வருஷம் மழை பொய்த்து கடனில் மூழ்கினவனைக் கேளுங்கள், "கொஞ்சம் காஞ்சு கெடக்கு" என்பான். வலிக்கிறது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும், அழுமூஞ்சி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டம் கல்லறை வரைக்கும் கூட வரும்.

விபத்தில் நோலீன் பேரில் ஒரு தப்பும் இல்லை. ஆஸ்பத்திரி கிச்சனில் சமையல் வேலை அவளுக்கு. காலையில் காரில் வேலைக்குப் போகும்போது, குறுக்கு ரோட்டிலிருந்து நின்று பார்த்து வரவேண்டிய ஒரு பிக்கப் வண்டி, நிற்காமல் வந்து அவள் கதவுப் பக்கமாகவே இடித்தது. ஓட்டினவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் நம்ம மாநிலச் சட்டம் இருக்கிறதே, அது லேசுப்பட்டது இல்லை. தப்பு யார் பேரில் என்பது மட்டும் போதாது. பட்ட காயம் 'கடுமையான காயம்' என்று நீதிபதி சொன்னால்தான் நஷ்டஈட்டு வழக்கே போட முடியும். இன்சூரன்ஸ்காரர்கள் கடுமை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

நீதிபதியும் இல்லை என்றுவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஊர் முழுக்க ஒருவருக்கொருவர் தெரிந்த இடத்தில், பணத்துக்காக வலியை நடித்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு உயிரோடு இருப்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மெல்பர்னிலிருந்து வந்திருந்த வக்கீல் எலெனி, டாக்டர் எழுதிவைத்ததை எல்லாம் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன நோலீன் இது? பரவாயில்ல, பரவாயில்ல, நல்லாருக்கேன், பரவாயில்ல. இத வெச்சுக்கிட்டு நான் எப்படி வாதாடுறது? எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் கிரீஸ்காரங்க. எங்க வீட்ல ஒருத்தருக்குக் கால்ல முள்ளு குத்துனா தெருவே கூடிரும். நீங்க என்னடான்னா!"

"டாக்டர் தலைக்கு மேல வேலையோட இருக்காரு கண்ணு. வெளிய அத்தன பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் போய் என் புராணத்தப் பாடிட்டு இருக்கணுமா?"

"அதுக்குத்தான் டாக்டரு!" எலெனி பேனாவை மேஜையில் போட்டாள். "சரி, போனது போகட்டும். உங்களுக்கு ரொம்ப முடியாம இருந்தப்போ கூட இருந்து பாத்தவங்க யாராச்சும் ஒருத்தர சாட்சி சொல்லச் சொல்லுங்க. புருஷன்?"

"அவரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு."

"பிள்ளைங்க?"

"பையன் பெர்த்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்." அவனுக்கும் அந்த ஒரே பதில்தான் என்பதை நோலீன் சொல்லவில்லை.

"சிநேகிதி?"

பெவ் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, கல்யாணத்தில் பக்கத்தில் நின்றவள். ஊர்க்கூடத்தில் நடந்த கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு பேர் கைதான் சமைத்தது. நோலீன் மறுநாளே பெவ் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

பெவ் பாத்திரம் துடைக்கிற துணியை மடித்து மடித்துப் பார்த்தாள்.

"பைபிள் மேல கை வெச்சு நான் என்னத்தச் சொல்றது நோல்ஸ்? ஆக்சிடென்ட் ஆன புதுசுல தூக்குல சூப்பு கொண்டு வந்தேன், கேக்கு கொண்டு வந்தேன். கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே வாங்கிக்கிட்ட. உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல. எப்படி இருக்கன்னா, பரவாயில்ல, தேறிட்டு வரேன்ன. நானும் சரி, இவளுக்கு நம்ம மொகத்தப் பாக்கப் பிடிக்கலன்னு விட்டுட்டேன். நான் கண்ணால பாக்காததப் பாத்தேன்னு சொல்லச் சொல்றியா?"

"இல்ல, இல்ல. விடு. நீ சொல்றது நியாயந்தான்."

நியாயம்தான், அதில்தான் வயிற்றெரிச்சல். அன்றைக்கு உள்ளே ஏன் கூப்பிடவில்லை என்றால், ஹாலில் துவைக்காத துணி மலையாகக் கிடந்தது. குளித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தால் விழுந்துவிடுவாள். அதைப் பெவ் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பெவ்வும் பார்க்கவில்லை. இப்போது பார்த்த ஆள் வேண்டுமென்றால் எங்கே போவது? காரில் திரும்பி வரும்போது நோலீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்கு அடுத்த மாதம் பழைய போஸ்ட்மாஸ்டர் கீத் இறந்துபோனார். நம்ம ஊரில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒரு தட்டு ஊர்க்கூடத்துக்குப் போயாக வேண்டும். தட்டு வராத வீடு எது என்று அடக்கம் முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நோலீன் நாற்காலியில் உட்கார்ந்து, நின்று, சாய்ந்து, இரண்டு நாள் பாடுபட்டு லாமிங்டன் செய்தாள். சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக், அவள் கைப்பக்குவத்துக்குப் பேர்போனது. போகிற அன்று வலி மாத்திரையை டாக்டர் சொன்னதற்கு மேல் விழுங்கிவிட்டுப் போனாள். தட்டைத் தூக்கினாள், பரிமாறினாள், கீத்தின் பழைய குறும்பைச் சொல்லி நாலு பேரோடு சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினவள் ஹால் கார்ப்பெட்டில் படுத்தாள். அங்கேயே கிடந்தாள், மூன்று நாள். பாத்ரூமுக்குத் தவழ்ந்து போனாள். போன் எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது, எடுத்து யாரிடம் என்ன சொல்வது?

எழுந்து ஜன்னல் திரையை விலக்கியபோதுதான் எதிர்ப்பக்க மரத்தடியில் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தாள். உள்ளே தொப்பி போட்ட ஒரு ஆள். காலையில் பார்த்தபோது இருந்தான், மத்தியானமும் இருந்தான். அடக் கடவுளே, மனுஷன் பச்சைத்தண்ணி குடித்தானோ இல்லையோ என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு ஆள் காரில் உட்கார்ந்திருக்க, ஒரு கப் டீ கொடுக்காமல் உள்ளே இருக்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"வெயில்ல இப்படியே உக்காந்திருக்கீங்களே. இந்தாங்க."

அந்த ஆள் முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பது வயசிருக்கும், பேர் ட்ரெவராம். "ரொம்ப நன்றிங்க. நான் வந்து... கழுகு பாக்க வந்தேன்."

"கழுகா? இந்த மரத்துல கிளியும் காக்காயுந்தான் வரும். கழுகுக்கு நீங்க தானியக் களஞ்சியம் இருக்குற பக்கம் போகணும்."

"அப்படிங்களா? பரவால்ல, இங்கயே பாத்துட்டுப் போறேன்." டீயை வாங்கிக்கொண்டான். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல. ஒரு குறையுமில்ல."

மறுநாளும் கார் நின்றது. பாவம், கழுகைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள் என்று நோலீன் மிச்சமிருந்த லாமிங்டனையும் டீயோடு கொண்டுபோனாள். வானிலை பேசினார்கள், கிரிக்கெட் பேசினார்கள். அந்த வாரத்தில் அவள் மனுஷக் குரல் கேட்டது அந்தக் கார் ஜன்னலில்தான். காலையில் கண் விழித்ததும் கார் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. ஒரு நாள் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் வராததற்கு இப்படி ஒரு ஏக்கமா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஆகஸ்டில், பக்கத்து டவுனான ஹார்ஷம் கோர்ட்டில் வழக்கு வந்தது. பெவ் சாட்சி சொல்லவில்லையே தவிர, பிளாஸ்க்கும் சாண்ட்விச்சுமாகப் பின் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரிலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், ஆதரவுக்கோ வேடிக்கைக்கோ.

எதிர்த்தரப்பு வக்கீல் நெட்டையான மனுஷர், குரலை உயர்த்தாமலே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக்கூடியவர். கூண்டில் நின்ற நோலீனிடம் ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார்.

"மிஸஸ் ட்ரெலோர், உங்களால ஒரு பாத்திரத்தக்கூட தூக்க முடியாதுன்னு சத்தியப் பிரமாணத்துல சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க."

"இந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க."

திரையில் ஊர்க்கூடம் வந்தது. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு நோலீன் படியேறுகிறாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கே அது வேறு யாரோ மாதிரி இருந்தது, நல்ல ஆரோக்கியமான பொம்பளை.

"அதுக்கப்புறம் அதே வாரத்துல, ஒருத்தர் உங்கள எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாரு. நீங்க 'பரவாயில்ல, ஒரு குறையுமில்ல'ன்னு சொல்றீங்க. சொன்னீங்களா இல்லையா?"

நோலீன் நிமிர்ந்தாள். கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ட்ரெவர் உட்கார்ந்திருந்தான். அவளை வேவு பார்க்க இன்சூரன்ஸ்காரர்கள் வைத்த ஆள்! கழுகு பார்க்க வந்தானாம் கழுகு. அவன் ஏமாற்றினது கூட அவளுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. அவன் வரமாட்டானா என்று ஜன்னலில் நின்று பார்த்தாளே, அந்த வெட்கம்தான் காது வரை சுட்டது.

"சொன்னேன்," என்றாள்.

நெட்டை வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போய் ஊர் மூஞ்சியில் எப்படி விழிப்பது என்று நோலீன் யோசித்துக்கொண்டிருக்கும்போது எலெனி எழுந்தாள்.

"யுவர் ஆனர், எதிர்த்தரப்பு போட்டுக் காட்டினது கொஞ்ச நேரப் படம். அவங்க ஆள் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டு முன்னாடி இருந்திருக்காரு. மிச்சப் படத்தையும் போடச் சொல்லுங்க."

"அதுல ஒண்ணுமே இல்ல யுவர் ஆனர். வெறும் வீடுதான் தெரியும்," என்றார் நெட்டை வக்கீல்.

"அந்த ஒண்ணுமில்லாததத்தான் நான் பாக்கணுங்குறேன்," என்றாள் எலெனி. நீதிபதி போடச் சொன்னார்.

வெறும் வீடுதான் தெரிந்தது. இறக்கிவிட்ட ஜன்னல் திரை. வேகமாக ஓட்டிக்காட்டினார்கள். நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனது, இருட்டியது, விடிந்தது. உள்ளே ஒரு விளக்குக்கூட எரியவில்லை. ஈ காக்கா வரவில்லை. தெருவில் மட்டும் எப்போதாவது ஒரு வண்டி போனது. ஒரு சிவப்புக் கார் வீட்டுக்கு நேரே வந்ததும் மெதுவாகி, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் மட்டும் எழும்பி, வழக்கமான வணக்கத்தை அந்த மூடின ஜன்னலுக்குச் சொல்லிவிட்டுப் போனது. மறுநாளும் அதே கார், அதே விரல். பின்வரிசையில் பிளாஸ்க் ஒன்று தரையில் உருண்ட சத்தம் கேட்டது.

பிறகு கதவு திறந்தது. நோலீன் வெளியே வந்தாள், கையில் கப். சுவரைப் பிடித்தாள், வேலியைப் பிடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் டீ கொட்டியது. தபால்பெட்டி வரைக்கும் வந்தவள் கப்பை அதன் மேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நெற்றியையும் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. யாரும் வேகமாக ஓட்டவில்லை, படம் அதன் போக்கில் ஓடியது, அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் நிமிர்ந்தாள். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள், முடியை ஒதுக்கினாள். அதற்குப் பிறகுதான், கோர்ட்டில் அத்தனை பேரும் பார்க்க, அந்தச் சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள். கப்பை எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள்.

எலெனி ட்ரெவரைக் கூண்டில் ஏற்றினாள்.

"அந்த அம்மா உங்ககிட்ட வந்தப்போ கப்புல எவ்வளவு டீ இருந்துச்சு?"

"பாதிகூட இல்லீங்க."

"ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பாத்துக்கிட்டுதான இருந்தேன்." தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "என் ரிப்போர்ட்ல அவங்க சொன்னதத்தான் எழுதணும். சொன்னத எழுதினேன்."

"நீங்க அங்க இருந்த நாள்ல அந்த வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பைச் சொல்லிவிட்டார். தட்டைத் தூக்கின ஒரு மணி நேரத்தை வைத்து ஒருவரின் வாழ்க்கையை அளக்க முடியாது என்றார். வேலை போயிற்று, தூக்கம் போயிற்று, ஊரோடு இருந்த உறவு போயிற்று, அந்த வாசலை மிதிக்க ஓர் ஆள் இல்லை, இந்தக் காயம் கடுமையான காயம்தான் என்றார். எலெனி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜெயித்துவிட்டாள். பொய்க்காரி என்று இனி ஒருத்தன் சொல்ல முடியாது. ஆனால் ஊர் நடுவில் துணி உருவப்பட்டவள் போலக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நோலீன். தனக்கு யாருமில்லை என்று அரசாங்க முத்திரை போட்டுச் சொன்ன பிறகு எந்தச் சந்தோஷம் வரும்?

வாசற்படியில் ட்ரெவர் காத்திருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் நின்றான் போல, வாயில் வந்ததோ பழக்கதோஷம். "எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல," என்றாள் நோலீன். அவளுக்கும் அதே தோஷம்தானே.

பக்கத்தில் நின்ற பெவ் அவனை ஒரு முறை முறைத்தாள், இவளையும் முறைத்தாள். "வண்டில ஏறு," என்றாள்.

பெவ் வண்டியை ஊருக்கு விட்டாள். பெவ்வின் கார் சிவப்புக் கார். எதிரே வந்த லாரிக்காரன் ஒரு விரலைத் தூக்கினான். பெவ்வின் விரல் எழும்பவில்லை, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்ததும் நோலீன் கொசுவலைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். பெவ் வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா," என்றாள் நோலீன். "குப்பையாத்தான் கெடக்கு."

பெவ் நேராகச் சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போட்டாள். கப் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மேல் அலமாரியைத் திறந்தாள். ஒன்றுமில்லை, தூசிதான். பக்கத்து அலமாரி, அதிலும் தூசி.

"கப்பெல்லாம் எங்க நோல்ஸ்?"

"கீழ."

பெவ் குனிந்து பார்த்தாள். கப் நாற்காலி மேலே இருந்தது. தட்டு ஸ்டூலில். டீத்தூள், உப்பு, ரொட்டி, வாணலி என்று அந்த வீட்டில் புழங்குகிற சாமான் அத்தனையும் இடுப்புக்குக் கீழே இறங்கி நின்றது. பெவ் அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"ஆக்சிடென்ட் ஆனதுலேருந்து. கை ஏறல."

"கதவத் தொறந்திருந்தா ஒரே நிமிஷத்துல பாத்திருப்பேனே. பைபிள் என்ன, எதுல வேணும்னாலும் கை வெச்சிருப்பேன்." பெவ்வின் குரல் உடைந்தது. "நான் ரெண்டு நாளும் இந்த வழியாத்தான் போனேன் நோல்ஸ். நின்னிருக்கலாம். வெரலத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

நோலீன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்க?" என்றாள் பெவ்.

வாய் தானாகத் திறந்து பழைய வார்த்தைக்குத் தயாரானது. நோலீன் அதை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

"வலிக்குது பெவ். ரொம்ப வலிக்குது."

நம்ம ஊரில் அதற்குத் தயாராகப் பதில் வைத்திருப்பவர் யாருமில்லை. பெவ் டீயை ஊற்றி, சிந்தாமல் கொண்டுவந்து அவள் இரண்டு கைக்குள்ளும் கப்பை வைத்தாள். நோலீன் ஒரு வாய் குடித்தாள். பதற்றத்தில் பெவ் சர்க்கரை போடவில்லை.

"நல்லாருக்கா?"

"பரவா..." நோலீன் நிறுத்தினாள். கப்பை நீட்டினாள். "சர்க்கரையே இல்ல. ரெண்டு ஸ்பூன் போடு."

"எங்க வெச்சிருக்க?"

"அதுவும் கீழதான். நல்லாக் குனிஞ்சு பாரு."